மயக்கத்துக்குச் சாட்சி

பதினேழு வயதில், பள்ளிக் காலை வழிபாட்டில், தலைமை ஆசிரியை பேசிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தேன். விழுந்ததும் கைகால் இரண்டு மூன்று முறை வெட்டியதாம். யாரோ ஓடிவந்து ஒரு சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் திணித்திருக்கிறார்கள். இரும்பு பட்டதும் நான் கண் திறந்தேன் என்பது எங்கள் வீட்டில் இன்றும் சொல்லப்படும் கதை. பிறகு ரேஷன் கடை வரிசையில் ஒரு முறை, கோயிலில் தீபாராதனைக்குக் காத்திருந்தபோது ஒரு முறை. மூன்று முறையும் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். மருத்துவரிடம் அதைச் சொன்னேன். கைகால் வெட்டியதை மட்டும் அவர் எழுதிக்கொண்டார். வலிப்பு என்றார். ஒன்பது வருடம் மாத்திரை சாப்பிட்டேன்.

கல்யாண வயதுப் பெண்மேல் இந்தச் சொல் விழுந்தால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டத்திலும் அது இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இந்து திருமணச் சட்டத்துக்கு 1976-இல் வந்த திருத்தம், திரும்பத் திரும்ப வலிப்பு வருகிறவர்களைத் திருமணத்துக்குத் தகுதியில்லாதவர்களோடு சேர்த்தது. 1999-இல்தான் அந்தச் சொல்லை நீக்கினார்கள். சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. மாத்திரை அட்டையைக் கடுகு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தது மட்டும் பெண்ணைப் பெற்ற என் அம்மா.

மயக்கத்துக்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் சிங்கோப்பி. வெட்டிக் குறைத்தல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மொழியியலிலும் இந்தச் சொல் உண்டு. நம் இலக்கணத்தில் அதுதான் இடைக்குறை, ஓந்தி 'ஓதி' ஆவதுபோல. நடுவில் ஓர் எழுத்து காணாமல் போனாலும் சொல் சொல்லாகவே இருக்கிறது. இலக்கணம் படித்தவளுக்கு இதில் ஒரு ஆறுதல்.

மயங்குகிறவர் யார் என்பதைப் பொறுத்து மருத்துவம் காரணம் தேடிய இடம் மாறியிருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்களுக்குப் படபடப்பும் தலைசுற்றலும் மூச்சிரைப்பும் வந்தபோது, 1871-இல் டா கோஸ்டா என்ற மருத்துவர் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் கடுமையான அணிநடையிலும் காரணம் தேடினார். 1887-இல் ஆந்த்ரே ப்ரூய்யே வரைந்த ஓவியத்தில், பாரிஸ் சால்பெத்ரியே மருத்துவமனையில் ப்ளான்ஷ் விட்மன் என்ற பெண் ஒரு மருத்துவரின் கையில் சரிந்து கிடக்கிறார். பக்கத்தில் நின்று ஷார்க்கோ ஹிஸ்டீரியா பற்றிப் பாடம் நடத்துகிறார். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். (பின்னாளில் சிப்பாய்களையும் நரம்புத்தளர்ச்சிக்காரர்கள் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஆனால் அவர்களுக்கு அது இரண்டாவது பெயர்.)

உடலுக்குள் நடப்பது ஓரளவு முன்பே தெரிந்துவிட்டது. 1932-இல் லண்டனில் தாமஸ் லூயிஸ், மயங்குகிறவரின் இதயத்துடிப்பை மருந்து கொடுத்து ஏற்றிப் பார்த்தார். துடிப்பு ஏறியது, ரத்த அழுத்தம் ஏறவில்லை. வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குவதோடு ரத்தக்குழாய்களும் தளர்ந்துவிடுகின்றன என்று அவர் விளக்கினார். ஆனாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. மயக்கம் மருத்துவர் முன்னால் வருவதில்லை. வரிசையில் வரும், கல்யாண மண்டபத்தில் வரும். மருத்துவரின் அறையில் நாம் உட்கார்ந்திருக்கிறோம், நன்றாக இருக்கிறோம்.

அந்தச் சிக்கலை அவிழ்த்த கட்டுரை 1986-இல் லான்செட் இதழில் வந்தது. முதல் பெயர் ரோஸ் ஆன் கென்னி, அயர்லாந்துப் பெண், அப்போது லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையில் இளம் மருத்துவர். எல்லாச் சோதனைகளும் முடிந்து, காரணம் தெரியாது என்று கைவிடப்பட்ட 15 பேரை ஒரு மேசையில் படுக்கவைத்து, மேசையை 40 பாகைக்கு உயர்த்தி 60 நிமிடம் வைத்தார்கள். 10 பேர் மயங்கினார்கள். சராசரியாக 29-ஆவது நிமிடத்தில். மயக்கமே வந்திராத 10 பேரைச் சாய்த்தபோது ஒருவர் மட்டும் மயங்கினார். உடற்செயலியல் ஆய்வுக்கூடங்களில் ஏற்கெனவே இருந்த மேசைதான். நிற்கும்போது விழுகிறேன் என்று சொன்னவர்களை நிற்கவைத்துப் பார்க்க அதைப் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான். இதற்கு 1986 வரை ஆனது.

நான் அந்த மேசையில் ஏறியபோது எனக்கு நாற்பத்தொன்று. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மறுபடி விழுந்திருந்தேன். வெறும் வயிறு, மங்கலான விளக்கு. மார்பில் ஈசிஜி, விரலில் ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்த அழுத்தம் காட்டும் உறை, முழங்காலிலும் நெஞ்சிலும் பட்டை. சிறிது நேரம் படுக்கவைத்துப் பிறகு 70 பாகைக்கு உயர்த்தினார்கள். கால் ஆட்டக் கூடாது என்றார் நர்ஸ். கெண்டைச்சதை அசைந்தால் கீழே தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளிவிடுமாம். நின்றவுடன் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. இருபது நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. நாக்குக்கடியில் நைட்ரோகிளிசரின் அடித்தார்கள். கொட்டாவி வந்தது. உள்ளங்கை வேர்த்தது. பேச்சுக்குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல ஆனது. பள்ளியில் கண்ட அதே சாம்பல் நிறம்.

இதயம் நான்கு நொடி நின்றிருந்தது. அந்த நொடிகளில் கைகள் வெட்டியதையும் பதிவில் காட்டினார்கள். மூளைக்கு ரத்தம் குறையும்போது சாதாரண மயக்கத்திலும் இப்படி வெட்டும். "உங்களுக்கு வலிப்பு இல்லம்மா" என்றார் மருத்துவர். நான் அழுதேன். நர்ஸ் அதை மயக்கத்தின் மிச்சம் என்று நினைத்துத் தலையணையை எடுத்துவிட்டார்.

இந்த மேசையைக் கடவுளாக்க எனக்கு விருப்பமில்லை. மயக்கமே வராதவர்களில் சிலரையும் அது விழவைக்கும். நிஜமாக மயங்குகிறவர் அதில் அசையாமல் நின்றுவிடுவதும் உண்டு. அவர் பொய்க்காரராகிவிடக் கூடாது. 1993-இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் விவரித்த பாட்ஸ் என்ற நோயிலும் இந்த மேசை உதவுகிறது. எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் ரத்த அழுத்தம் இறங்காமலே துடிப்பு 30-க்கு மேல் கூடிவிடும். இதில் பெரும்பாலோர் இளம்பெண்கள். இவர்களில் பலர் முதலில் கேட்டது 'டென்ஷன்' என்ற சொல்லைத்தான். மேசையில் எண் வந்த பிறகு நம்புகிறார்கள். நம்பட்டும். ஆனால் அவள் சொன்னதும் மேசை சொன்னதும் ஒன்றேதான்.

எங்கள் கல்லூரி வழிபாட்டில் யாராவது சரிந்தால் நான் இப்போது தூக்கி உட்காரவைக்க விடுவதில்லை. படுக்கவைத்துக் காலை உயர்த்துகிறேன். எவ்வளவு நேரம் நின்றாய் என்று கேட்கிறேன். தேதி எப்போது என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்போ சாவி குடுத்ததும் எப்படி முழிச்சே?" என்றார்.

"கீழே விழுந்து படுத்துட்டேன்ல, அதனாலம்மா."

அம்மா நம்பவில்லை.