மாட்டுக்கேற்ற கலப்பை



சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் நான் ஆசிரியராக இருக்கிறேன். பெற்றோர்கள் பலவிதமான காகிதங்களைக் கொண்டுவந்து, படித்துப் பொருள் சொல்லுமாறு கேட்பது எங்கள் பள்ளியில் வழக்கம். சில மாதங்களுக்கு முன் என் மாணவன் ஒருவனுடைய தாத்தா ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு சிறு புத்தகத்துடன் வந்தார். தோட்டத்தில் நெடுங்காலம் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். சேமநிதிப் பணத்தில் ஒரு பழைய டிராக்டரை வாங்கியிருந்தார். உறவினர் இருவருடன் சேர்ந்து, முன்பு பால்மரம் நின்ற நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சோளமும் கச்சானும் பயிரிடுவது அவருடைய திட்டம். இப்போது ஒரு கலப்பை விலைக்கு வந்திருக்கிறது. இருபுறமும் மண்ணைப் புரட்டிப் போடும் கலப்பை அது. “வாத்தியாரே, இது நம்ம டிராக்டருக்கு ஒத்து வருமா? படிச்சுச் சொல்லுங்க” என்றார்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு உழவு கற்பிக்கப்படவில்லை, வரலாறு கற்பிக்கப்பட்டது. ஆயினும் பெரியவரின் கேள்வி வரலாற்றிலும் இடம் பெற்ற கேள்விதான். இழுக்கின்ற மாட்டுக்கு இந்தக் கலப்பை ஏற்றதா என்று முதலில் கேட்காததால் ஓர் அரசாங்கமே தடுமாறியதுண்டு. அந்தக் கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கலப்பை என்ன செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். நம் முன்னோர் சேலம், வட ஆற்காடு, திருச்சி, தஞ்சாவூர் ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிகளின் வழியாக இந்நாட்டுக்கு வந்தவர்கள். 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதிக்கும் வரை அவ்வருகை தொடர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஏர் பிடித்த குடும்பத்தினர். இங்கே வந்ததும் கையில் பால் கத்தி ஏறியது. கலப்பை மறந்து போயிற்று. பால்மரக் காட்டில் உழவுக்கு வேலை இல்லை. களையெடுக்கவும் குழி தோண்டவும், மலாய்க்காரர் சங்குல் என்று சொல்லும் மண்வெட்டியே போதுமானதாயிற்று.

ஊரில் அவர்கள் பிடித்த நாட்டுக் கலப்பை மரத்தால் ஆனது. அதன் நுனியில் மட்டும் ஓர் இரும்புக் கொழு இருக்கும். அது மண்ணைப் புரட்டாது. கீறிவிட்டு இருபுறமும் ஒதுக்கும். ஆகவே உழவன் வயலின் கோடி வரை சென்று, மாட்டைத் திருப்பி, முதற் சாலை ஒட்டி அடுத்த சாலை ஓட்டிக்கொண்டு வரலாம். அதற்கு வலப்புறம், இடப்புறம் என்ற வேறுபாடு கிடையாது.

மேல்நாட்டார் கலப்பை அப்படிப்பட்டதன்று. கொழுவுக்குப் பின்னால் வளைந்த ஓர் இறக்கை உண்டு. கொழு அறுத்த மண் இறக்கையின் மேல் ஏறிக் கவிழ்ந்து விழும். களையும் பழைய தாளும் மண்ணுக்கடியில் புதைந்துபோகும். ஆனால் இறக்கை ஒரு பக்கமாக அமைந்திருப்பதால் மண்ணும் ஒரு பக்கமாகவே விழும். திரும்பி வரும்போது அடுத்த சாலை உழுதால், மண் எதிர்ப்பக்கத்தில் விழுந்து நடுவில் மேடோ பள்ளமோ உண்டாகும். அதைத் தவிர்க்க நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துச் சுற்றிச் சுற்றி உழ வேண்டும். எஞ்சுகின்ற பள்ளங்களில் மழைநீர் தேங்கும். சரிவான நிலமானால் அதுவே வாய்க்காலாகி மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகும்.

இக்குறையைத் தீர்க்க வந்ததுதான் இருபுறம் புரட்டும் கலப்பை. வலப்பக்கம் புரட்டும் இறக்கை ஒன்று, இடப்பக்கம் புரட்டும் இறக்கை ஒன்று என இரண்டும் ஒரே கலப்பையில் இருக்கும். போகும்போது ஒன்று வேலை செய்யும். வரும்போது மற்றொன்று செய்யும். மண் முழுவதும் ஒரே திசையில் விழுந்து நிலம் மட்டமாக இருக்கும்.

இங்கிலாந்தில் ஜான் ஃபௌலர் என்பவர் நீராவியால் உழும் கருவி ஒன்றை அமைத்தார். நீராவி எந்திரம் வயலின் ஓரத்தில் நிற்கும். இரும்புக் கயிறு கலப்பையை வயலின் குறுக்கே இழுக்கும். குழந்தைகள் விளையாடும் ஏற்றப் பலகையைப் போல அக்கலப்பைக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனையின் கொழுக்கள் மண்ணில் இறங்கும்போது மறு முனையின் கொழுக்கள் மேலே நிற்கும். கோடிக்குப் போனதும் மறு முனையைத் தாழ்த்தி, திருப்பாமலேயே உழுதுகொண்டு வரலாம். 1858-ஆம் ஆண்டில் ஃபௌலரின் நீராவி உழவுக்கு இங்கிலாந்தின் அரச வேளாண் கழகம் 500 பவுன் பரிசு வழங்கியது.

இச்செய்திகள் சென்னைக்கும் எட்டின. 1861 முதல் 1866 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் வில்லியம் டெனிசன், இராணுவப் பொறியாளர் பிரிவில் பயின்றவர். சென்னை விவசாயிகளின் மரக் கலப்பையைக் கண்ட அவர், புதிய கருவிகள் வந்தால் விளைச்சல் பெருகும் என்று நம்பினார். நீராவிக் கலப்பைகள், பரம்புகள், விதைக்கும் கருவிகள், கதிரடிக்கும் எந்திரங்கள் ஆகியவை இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தன. அவற்றைச் சோதித்துக் காட்டுவதற்காகச் சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் ஒரு சோதனைப் பண்ணையும் 1865-ஆம் ஆண்டளவில் ஏற்பட்டது. பின்னர் ஒரு வேளாண்மைப் பள்ளி அங்கே தோன்றியது. 1906-ஆம் ஆண்டில் அது கோயம்புத்தூருக்கு மாறிக் கல்லூரியாக வளர்ந்து, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று.

பள்ளி வளர்ந்தது, ஆனால் அந்த எந்திரங்கள் விவசாயிகளின் வயலுக்குப் போய்ச் சேரவில்லை. காரணத்தைத் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. சென்னை விவசாயியின் நிலம் சிறு துண்டுகளாக வரப்புகளுக்கு இடையே கிடந்தது. எந்திரத்தைக் கொண்டுசெல்லப் பாதை இல்லை; எரிக்க நிலக்கரி இல்லை; உடைந்தால் பழுதுபார்க்க ஆள் இல்லை. சாதாரண இரும்புக் கலப்பையும் கனமானது. ஒரு ஜோடி நாட்டு மாடு நாள் முழுவதும் தளராமல் இழுக்கக்கூடியது, ஏறக்குறைய தன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசைதான். அதற்கு மேல் பளு வைத்தால் மாடு படுத்துவிடும். மாடு படுத்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு அந்த ஆண்டு சோறில்லை.

ஆயினும், இந்திய விவசாயி அறியாமையால் பழைய கலப்பையைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று பலர் பேசினார்கள். இப்பேச்சை மறுத்தவர் இங்கிலாந்து அரச வேளாண் கழகத்தின் வேதியியல் அறிஞரான ஜான் அகஸ்டஸ் வோல்க்கர். அரசின் அழைப்பில் 1889-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, நாடெங்கும் சுற்றிப் பார்த்து, 1893-இல் தம் அறிக்கையை வெளியிட்டார். நாட்டுக் கலப்பை விலை குறைந்தது, தோளில் தூக்கிச் செல்லத்தக்கது, ஊர்த் தச்சரும் கொல்லரும் பழுதுபார்க்கத்தக்கது, அங்குள்ள மாட்டின் வலிமைக்குப் பொருந்துவது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அந்த விவசாயி மறுத்தது கணக்குப் பார்த்துத்தான் என்பது அவர் அறிக்கையிலிருந்து நமக்கு விளங்குகிறது.

அப்படியானால் புதிய கருவியே வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியாது. பெல்காமில் லட்சுமண்ராவ் கிர்லோஸ்கர் என்பவர் 1903-ஆம் ஆண்டில் இரும்புக் கலப்பை செய்து விற்கத் தொடங்கினார். இரும்பு பட்டால் மண் நஞ்சாகிவிடும் என்று விவசாயிகள் அஞ்சியதால் முதலில் விற்பனை நடக்கவில்லை. அவர் மனம் தளராமல், அங்குள்ள மண்ணுக்கும் மாட்டுக்கும் தக்கபடி கலப்பையைத் திருத்தினார். தக்காணத்தின் கெட்டியான கருமண்ணில் அது வேரூன்றியது. அயலூரிலிருந்து வந்த எந்திரம் தோற்ற நாட்டிலேயே, உள்ளூருக்கு ஏற்பச் செய்த கருவி வென்றது.

இனி டிராக்டருக்கு வருவோம். 1917-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையிலிருந்து மலிவு விலையில் ஃபோர்ட்சன் டிராக்டர் வந்தது. அதில் ஓர் ஆபத்து இருந்தது. பின்னால் கட்டி இழுத்த கலப்பை வேரிலோ பாறையிலோ சிக்கிக்கொண்டால், எந்திரம் மட்டும் சுழன்றுகொண்டே இருக்க, டிராக்டரின் முன்பகுதி மேலெழுந்து பின்பக்கமாகக் கவிழும். ஓட்டுபவர் அதன் அடியில் அகப்படுவார். இப்படி உயிரிழந்தவர்கள் பலர்.

அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி ஃபெர்குசன் இதற்கு வழி கண்டார். கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று தண்டுகளால் கலப்பையை டிராக்டருடன் இணைத்து, ஹைட்ராலிக் விசையால் அதைத் தூக்கவும் இறக்கவும் செய்தார். உழும்போது கலப்பையின் பளு பின் சக்கரங்களை மண்ணில் அழுத்தும். கலப்பை சிக்கினால் மேல்தண்டு முன்னோக்கித் தள்ளி, முன்பகுதி எழாமல் தடுக்கும். இந்த அமைப்புடன் அவருடைய டிராக்டர் 1936-இல் விற்பனைக்கு வந்தது. 1946-க்கும் 1956-க்கும் இடையே இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஃபெர்குசன் டிராக்டர்கள் செய்யப்பட்டன. 1960-ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனமும் இவ்வழியில் வந்த மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டரைத்தான் தயாரிக்கத் தொடங்கியது. இன்று நம் நாட்டில் ஓடும் பண்ணை டிராக்டர்களிலும் இந்த மூன்று தண்டுகளைப் பார்க்கலாம்.

இங்கேதான் பெரியவரின் கேள்விக்கு விடை இருக்கிறது. இருபுறம் புரட்டும் கலப்பையில் எல்லா உறுப்பும் இரட்டையாக இருப்பதால், அதே அளவுள்ள ஒருபுறக் கலப்பையை விட அது மிகவும் கனமாக இருக்கும். உழும்போது பாதிதான் மண்ணில் இறங்கும். ஆனால் வயல் கோடியில் முழுப் பளுவையும் டிராக்டர் தூக்கியாக வேண்டும். அத்தனை பளுவும் பின் சக்கரத்துக்கு அப்பால் தொங்குவதால், நெம்புகோலைப் போல முன்பகுதியை மேலே கிளப்பும்.

ஆகவே நாங்கள் இருவரும் அந்தச் சிறு புத்தகத்தை வைத்துக்கொண்டு ஐந்து செய்திகளைக் குறித்துக்கொண்டோம். டிராக்டரின் குதிரைத் திறன் எத்தனை கொழுவை இழுக்கும் என்பது முதலாவது. களிமண்ணுக்கு அதிகத் திறன் வேண்டும். மணற்பாங்கான நிலத்துக்குக் குறைவாகப் போதும். ஹைட்ராலிக் எவ்வளவு கிலோ தூக்கும் என்பது இரண்டாவது. கலப்பையைத் தூக்கிய நிலையில், டிராக்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் தங்குமா என்பது மூன்றாவது. தங்காவிட்டால் முன்னால் எடைக் கட்டிகள் மாட்ட வேண்டும். பின் சக்கரங்களின் இடைவெளி கலப்பையின் அகலத்துக்குப் பொருந்துமா என்பது நான்காவது. கலப்பையைப் புரட்டும் ஹைட்ராலிக் குழாய்கள் இரண்டையும் மாட்ட டிராக்டரில் வாய் இருக்கிறதா என்பது ஐந்தாவது.

பெரியவர் விற்பவரிடம் போய்ச் சோதித்துப் பார்த்தார். கலப்பையை மாட்டித் தூக்கியவுடன் முன் சக்கரங்கள் ஒரு சாண் உயரம் தரையை விட்டு எழுந்தன. மூன்று கொழுக்கள் கொண்ட அந்தக் கலப்பை அவர் டிராக்டருக்கு மீறிய பளு. சமதரையில் இப்படியென்றால், சரிவில் திரும்பும்போது என்ன ஆகும்? சக்கரம் தரையில் படாவிட்டால் திசை திருப்பவும் முடியாது. அவர் வாங்காமல் திரும்பினார்.

நிலத்தையும் பார்க்க வேண்டும். பால்மரம் சாய்த்த நிலத்தில் வேர்களும் கட்டைகளும் புதைந்து கிடக்கும். அங்கே இறக்கைக் கலப்பை அடிக்கடி சிக்கும். வேரின் மேல் உருண்டு ஏறிப் போகும் வட்டத் தட்டுக் கலப்பையே முதல் சில ஆண்டுகளுக்கு ஏற்றது. நம் பேராவின் கிரியான் பகுதியைப் போன்ற நெல்வயல்களில் ஆழப் புரட்டினால் அடியிலுள்ள கெட்டி மண் உடைந்து தண்ணீர் கீழே இறங்கிவிடும். டிராக்டரும் சேற்றில் புதையும். வேர் நீங்கிய மேட்டு நிலத்தில், சரிவுக்குக் குறுக்கே, மண்ணை மேல்நோக்கிப் புரட்டி உழுவதற்குத்தான் இருபுறக் கலப்பை சிறந்தது. அகல உழுவதைவிட ஆழ உழு என்பது நம் பழமொழி. அதுவும் மண்ணையும் மாட்டையும் பார்த்துச் செய்ய வேண்டிய வேலைதான்.

விலைதான் தடையென்றால் அதற்கும் நம் ஊரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு குடும்பத்தால் இயலாததைப் பலர் சேர்ந்து செய்யலாம் என்பதே அதன் அடிப்படை. ஆண்டில் சில நாட்களே வேலை செய்யும் கலப்பையை மூன்று குடும்பங்கள் பொதுவில் வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம்.

பெரியவரும் உறவினர்களும் அப்படியே செய்தார்கள். முதற் பருவத்துக்குத் தட்டுக் கலப்பையை வாடகைக்கு எடுத்து உழுதார்கள். சேமநிதிப் பணத்தில் எஞ்சியது வங்கியில் இருக்கிறது. வேர்கள் மக்கிய பிறகு, இரண்டு கொழு உள்ள சிறிய கலப்பையைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

நேயர்களே, நம்மில் பலர் வாழ்நாள் உழைப்பின் பலனை ஒரே நாளில் ஒரு பொருளுக்குக் கொடுக்கிறோம். அந்த நாளில், இது நல்ல பொருளா என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். நம்மிடம் உள்ளதற்கு இது பொருந்துமா என்றும் கேளுங்கள். மாட்டித் தூக்கிப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். சென்னை விவசாயி அன்று பார்த்த கணக்கு நமக்கும் உதவும்.