சந்திரகாந்த் பண்டிட்: 23 வருடக் கணக்கு

இந்திய விக்கெட் கீப்பர்கள் யார் யார் என்று கேட்டால் கிர்மானி, கிரண் மோரே, மோங்கியா, தோனி என்று கடகடவென்று சொல்லிவிடுவோம். அந்த வரிசையில் சந்திரகாந்த் பண்டிட் பெயர் அநேகமாக வராது. ஆனால் ரஞ்சிக் கோப்பை என்று பேச்சு எடுத்தால் அவரைத் தவிர்க்கவே முடியாது!

1961-ல் பிறந்த பண்டிட், மும்பை மைதானங்களில் உருவானவர். 'கடூஸ்' என்பார்களே, லேசில் விட்டுக்கொடுக்காத மும்பைக் குணம், அது அவரிடம் நிறையவே உண்டு. 1986-ல் இங்கிலாந்தில் முதல் டெஸ்ட். 1987 உலகக்கோப்பை அரையிறுதியிலும் ஆடினார். ஆனால் கிரண் மோரே இருந்த காலம் அது. பண்டிட்டுக்குக் கிடைத்தது மொத்தம் 5 டெஸ்ட், 36 ஒருநாள் ஆட்டங்கள்தான். முதல்தர கிரிக்கெட்டில் 8,000 ரன்களுக்கு மேல் குவித்தும் 1992-க்குப் பிறகு இந்திய அணிக் கதவு திறக்கவில்லை.

பிறகு மத்தியப் பிரதேசத்துக்குப் போனார். 1998-99 ரஞ்சி இறுதிப்போட்டி, பெங்களூர் சின்னசாமி மைதானம். எதிரணி கர்நாடகா, ம.பி. கேப்டன் பண்டிட். முதல் இன்னிங்ஸில் ம.பி.க்கு 75 ரன் முன்னிலை. ரஞ்சி இறுதிப்போட்டி டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் முந்திய அணிக்கே கோப்பை. அதாவது கடைசி நாளில் ஜெயிக்கக்கூட வேண்டாம், நின்றாலே போதும். நிற்கவில்லை. விஜய் பரத்வாஜ் சுழலில் 6 விக்கெட்டுகள் விழுந்தன. 247 ரன் இலக்கைத் துரத்திய அணி 150-க்கு ஆல் அவுட். கைக்கு வந்த கோப்பை நழுவியது.

அடுத்த ஆட்டம் பயிற்சியாளராக. 2002-03, 2003-04 என்று மும்பைக்கு அடுத்தடுத்து இரண்டு கோப்பைகள். இரண்டு இறுதிப்போட்டியிலும் தோற்றது யார் தெரியுமா? நம் தமிழ்நாடுதான்! 2015-16-ல் மறுபடியும் மும்பை.

நல்ல ஆட்டக்காரர்கள் குவிந்த மும்பையை வைத்து ஜெயிப்பது பெரிய விஷயமா என்று கேட்டவர்களுக்குப் பதில் விதர்பாவில் கிடைத்தது. 1957-58 முதல் ரஞ்சி ஆடியும் ஒரு முறைகூட இறுதிப்போட்டியை எட்டாத அணி அது. பண்டிட் வந்தார். 2017-18-ல் கோப்பை, 2018-19-லும் கோப்பை. அவரது கண்டிப்பு பிரசித்தம். நேரம் தவறக்கூடாது, பெரிய பெயர் என்று யாருக்கும் சலுகை கிடையாது. அது பிடிக்காதவர்களும் உண்டு.

2020-ல் ம.பி. அவரைப் பயிற்சியாளராக அழைத்தது. 2022 ஜூனில் மீண்டும் ரஞ்சி இறுதிப்போட்டி. அதே சின்னசாமி மைதானம்! எதிரே 41 முறை கோப்பை வென்ற, அவர் பிறந்து வளர்ந்த மும்பை. மும்பை எடுத்தது 374. யஷ் துபே, சுபம் சர்மா, ரஜத் பட்டிதார் மூவரும் சதமடிக்க, ம.பி. 536. இந்த முறை முன்னிலையோடு ம.பி. நின்றுவிடவில்லை, 6 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தே முடித்தது. பழைய ஹோல்கர் அணி நான்கு முறை வென்ற கோப்பை, மத்தியப் பிரதேசம் என்ற பெயரில் வந்தது அதுதான் முதல் முறை. பண்டிட் அழுதார். 23 வருடக் கடன் அன்று தீர்ந்தது.

2024-ல் சேப்பாக்கத்தில் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் ஐபிஎல் கோப்பையை வென்றபோதும் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். புகழில் பெரும்பங்கு ஆலோசகர் கம்பீருக்குப் போனது. 2025-ல் பண்டிட் அந்த அணியை விட்டு விலகினார்.

ஆட்டக்காரராக 5 டெஸ்ட். பயிற்சியாளராக 6 ரஞ்சிக் கோப்பைகள், மூன்று அணிகளுக்கு. ஒரு மனிதனின் திறமையை அவன் ஆடிய ஆட்டங்களை மட்டும் வைத்து எடை போட முடியுமா என்ன?