காலைச் சாப்பாடு தாயின் பொறுப்பு மட்டுமா?

ஹவுன்ஸ்லோவில் எனது பேரன் படிக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் அண்மையில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. "ஊரில எங்கட அம்மாமார் விடிய எழும்பிப் பிட்டும் இடியப்பமும் அவிச்சுத் தந்து வளர்த்தவை. இங்கத்தைத் தாய்மார் சீனி பூசின சீரியலைக் கொட்டிக் குடுத்திட்டுப் போகினம்" என்றார் ஒருவர். பலரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்த மகள் தட்டவில்லை. காரில் ஏறியதும் கேட்டாள்: "அப்பா, எனக்குக் காலமைச் சாப்பாடு ஆர் தந்தது?"

தொண்ணூறுகளில் நான் ஹீத்ரோவுக்கு அருகே விமானங்களுக்கு உணவு தயாரிக்கும் சமையற்கூடமொன்றில் இரவு வேலை செய்தேன். முட்டையும் பழமும் தயிருமாக, யார் யாருக்கோ போகும் காலைச் சாப்பாட்டுத் தட்டுகளை விடியும்வரை அடுக்கினேன். மனைவி ஐந்து மணிக்கே துப்புரவு வேலைக்குப் போய்விடுவாள். நான் வீடு வந்து சேருமுன் மகள் தானே கோப்பையில் சீரியலைக் கொட்டிப் பாலூற்றிச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பாடசாலைக்குப் போயிருப்பாள். அவளது கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதனால்தான் இதன் வரலாற்றைத் தேடினேன்.

முதலில் ஊர்க் கதை. நாம் பெருமைப்படும் கோதுமை மாப் பிட்டும் பாணும் எமது பாட்டன் காலத்து உணவல்ல. பழஞ்சோறும், குரக்கனும், ஒடியல் மாவும், கஞ்சியும்தான் பழையவை. 1942இல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. பங்கீடு வந்தது, அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா எங்கள் அடுப்படிக்குள் புகுந்தது. அதைத் தெரிவு செய்தது அம்மா அல்ல, யுத்தம். 1953இல் நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனா கூப்பன் அரிசியை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தினார். ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலக நேர்ந்தது. எழுபதுகளில் விடியுமுன் பாணுக்கு வரிசையில் நின்றவன் நான். அப்படிக் கிடைத்த பாணைச் சீனித் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுவிட்டுப் பாடசாலைக்கு ஓடிய நாட்களை நாம் ஏன் மறந்துபோகிறோம்?

இனி, நாம் வந்து சேர்ந்த நாடு. 1899 முதல் 1902 வரை நடந்த போவர் யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது, உடல் தகுதியில்லை என்று பெருந்தொகையான இளைஞர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆட்சியாளர்களுக்குப் பிள்ளைகளின் பசி அப்போதுதான் கண்ணில் பட்டது. பிராட்போர்ட் தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர் பிரெட் ஜோவெட் போன்றோர் விடாது வலியுறுத்த, உள்ளூராட்சி சபைகள் பாடசாலையில் உணவளிக்க 1906இல் சட்டம் இடமளித்தது. மறு ஆண்டு அதே நகரில் வைத்தியர் ரால்ப் குரோலி 40 பிள்ளைகளுக்குக் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் பாலும் பாணும், மதியம் உணவும் கொடுத்து நிறுத்துப் பார்த்தார். நிறை ஏறியது. பாடசாலை விடுமுறையில் உணவு நின்றதும் நிறை இறங்கியது. ஒரே தாய்மார், ஒரே வீடுகள். மாறியது உணவு மட்டுமே.

கிடைத்தவை நிலைக்கவுமில்லை. 1946இல் எல்லா மாணவருக்கும் வந்த இலவசப் பால், 1971இல் ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடமிருந்து பறிக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டுச் சட்டம் பாடசாலை உணவின் போசாக்குத் தரத்தையும் கைவிட்டது.

தமிழ்நாட்டைப் பாருங்கள். 1920இல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பாடசாலையில் தொடங்கியது. 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கினார்கள். அவையெல்லாம் மதிய உணவு. அரசின் காலைச் சாப்பாடு 2022 செப்டம்பர் 15 அன்றுதான், 1,545 அரசு தொடக்கப் பள்ளிகளில், உப்புமாவும் கிச்சடியும் பொங்கலுமாகத் தொடங்கியது. காலையிலும் பிள்ளை பசியோடு வருகிறது என்பதை ஏற்றுக்கொள்ள ஒரு நூற்றாண்டு பிடித்திருக்கிறது!

லண்டனில் 2023 செப்டம்பர் முதல் அரசாங்க ஆரம்பப் பாடசாலைகளில் மதிய உணவு எல்லோருக்கும் இலவசம். 2025 ஏப்ரலில் இங்கிலாந்தின் 750 பாடசாலைகளில் இலவசக் காலை உணவுக் கழகங்கள் தொடங்கின. உங்கள் பிள்ளையின் பாடசாலையில் அது உண்டா? இல்லையென்றால் கேட்டீர்களா? தாய்மாரைக் குறைசொல்ல மேடை ஏறும் நாம் இதைக் கேட்கக் கடிதம் ஒன்று எழுதியிருக்கிறோமா?

சீனி பூசிய சீரியல் நல்லதென்று நான் வாதாடவில்லை. ஓட்ஸ் கஞ்சியோ குரக்கன் பிட்டோ, ஒரு அவித்த முட்டை அல்லது முதல்நாள் அவித்து வைத்த கடலை, ஒரு வாழைப்பழம் இருந்தாலே போதும். இதற்குப் பெரிய சமையல் தேவையில்லை. ஆனால் அதைப் பிள்ளையின் முன் வைக்க வீட்டில் ஒருவர் நிற்க வேண்டும். ஐந்து மணி வேலைக்குப் போகும் தாயிடம் இல்லாதது அக்கறையல்ல, நேரம். அந்த நேரத்தை யார் கொடுப்பது என்பதே கேள்வி.

எனவே எமது தமிழ்ப் பாடசாலைக்கு ஒரு யோசனை: முதல் அரைமணி நேரம் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு, சமைப்பது முறை வைத்து, தகப்பன்மாரும் சேர்ந்து. முதல் சனிக்கிழமைக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். உடன்படாதவர்கள் அடுத்த இதழில் எழுதட்டும்.