படைக்கலம் எவர் கையில்?

சங்ககிரிக் கோட்டைக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தோம். வாயிலுக்கு மேல் வாயிலாக ஏறிச் செல்லும் பாதை. காலத்தின் கை பட்டுச் சிதைந்தும் தலை சாயாத சுவர்கள். கீழே கண்ணுக்கு எட்டிய வரையில் விரிந்து கிடக்கும் சமவெளி. இந்தக் கோட்டையில்தான் 1805இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார் என்று சொல்லி நிறுத்தினோம். மாணவன் ஒருவன் எழுந்தான்.

"ஐயா, நம் மக்கள் அனைவர் கையிலும் துப்பாக்கி இருந்திருந்தால் வெள்ளையன் நம்மை ஆண்டிருக்க முடியுமா? அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கிறதாமே! அதனால்தான் அவர்கள் எவருக்கும் அடிமையாகாமல் இருக்கிறார்களாமே!"

சிறுவன் கேட்ட கேள்விதான். ஆயினும் சின்னக் கேள்வியன்று. அமெரிக்க நாட்டுப் பழமைவாதிகள் ஆண்டாண்டுக் காலமாக அரங்கேற்றி வரும் வாதம், கடல் கடந்து, கைப்பேசி வழியே நுழைந்து, சங்ககிரி மலைப்படியில் நம் பிள்ளையின் நாவில் வந்து அமர்ந்திருக்கிறது. அன்று அவனுக்கு முழு விடை கூற நேரமில்லை. இன்று கூறுவோம்.

முதலில் நம் மண்ணின் கதை.

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, சேலமும் பாராமகாலும் திப்புவின் கையிலிருந்து கும்பினியின் கைக்கு மாறின. அலெக்சாண்டர் ரீடு ஆட்சி செய்ய வந்தார். அவருக்குத் துணையாக வந்தவர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்தார்கள், வரியை வகுத்தார்கள். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அதே ஆண்டில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் மருதிருவர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும். மக்கள் ஈட்டியையும் துப்பாக்கியையும் ஒப்படைத்துவிட வேண்டும். ஒளித்து வைப்போர் கடுந்தண்டனைக்கு ஆளாவர். வென்றவன் முதலில் செய்த வேலை, தோற்றவன் கையைத் துழாவிப் பார்த்ததுதான்!

இதைப் படிக்கும்போது அமெரிக்கப் பழமைவாதியின் வாதம் வலுப்பெறுவதாகவே தோன்றும். ஆனால் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டுமன்றோ? படைக்கலம் பறிக்கப்பட்டதால் அவர்கள் தோற்றார்களா, தோற்றதால் பறிக்கப்பட்டதா? கட்டபொம்மனிடம் படைக்கலம் இல்லையா? மருதிருவரிடம் இல்லையா? காவிரிக் கரையிலும் ஓடாநிலையிலும் அரச்சலூரிலும் கும்பினியை எதிர்த்து நின்ற சின்னமலையிடம் இல்லையா? இருந்தது. ஒரு பாளையம் எரிந்தபோது மறுபாளையம் வேடிக்கை பார்த்தது; மூன்றாவது பாளையம் வெள்ளையனுக்கு வழிகாட்டியது. சின்னமலையைச் சோறு ஆக்கிப் போட்டவனே காட்டிக் கொடுத்தான் என்று நாட்டுப்புறத்தார் இன்றும் கூறுவர். கும்பினியின் துப்பாக்கியைத் தோளில் தாங்கி வந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் யார்? கடல் கடந்து வந்த வெள்ளையரா? இல்லை, நம்மவர்! நம் கையிலும் துப்பாக்கி இருந்தது. அதன் வாய் நம்மை நோக்கியே திருப்பப்பட்டிருந்தது.

ஆகவே, சங்ககிரிச் சுவர் உரைக்கும் பாடம் ஒன்றே: ஒற்றுமையற்றோர் கையிலிருக்கும் படைக்கலம் பகைவன் கையிலிருப்பதற்கு ஒப்பாகும்.

அடுத்து 1878க்கு வருவோம். லிட்டன் பிரபு ஆண்ட காலம். அந்த ஓராண்டில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. தாய்மொழி ஏடுகளின் வாயை அடைத்தது ஒன்று. மக்கள் உரிமம் இன்றிப் படைக்கலம் வைத்திருக்கக் கூடாது என்றது மற்றொன்று. பேனாவும் துப்பாக்கியும் ஒரே ஆண்டில் பூட்டப்பட்டன! பத்திரிகைச் சட்டம் சில ஆண்டுகளில் ரிப்பன் காலத்தில் நீங்கிற்று. படைக்கலச் சட்டமோ வெள்ளையர் வெளியேறிய பின்னும் உயிரோடிருந்தது.

அந்தச் சட்டத்தின் நஞ்சு, உரிமம் கேட்டதில் இல்லை. எவரிடம் கேட்டது என்பதில் இருந்தது. ஐரோப்பியருக்கு விலக்கு. பட்டம் பெற்ற பெரிய மனிதர்களுக்கு விலக்கு. பயிரை மேயும் பன்றியை விரட்டத் துடிக்கும் உழவனுக்கு மட்டும் உருட்டல், மிரட்டல்! 1887இல் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாடே இச்சட்டத்தைக் குறைகூறித் தீர்மானம் போட்டது. 1918இல், போருக்கு ஆள் திரட்டிக் கொண்டிருந்த காந்தியார், ஒரு நாட்டையே நிராயுதபாணியாக்கிய அச்சட்டத்தை ஆங்கில ஆட்சியின் கொடுமைகளில் தலையாய கொடுமையெனத் துண்டறிக்கையில் எழுதினார்.

வேடிக்கையைக் கேளுங்கள். காந்தியாரின் அந்த ஒரு வரியைத்தான் அமெரிக்கத் துப்பாக்கி ஆர்வலர்கள் அடிக்கடி எடுத்தாளுகின்றனர்! அகிம்சையின் ஆசானே துப்பாக்கிக்கு ஆதரவாளர் என்று ஆர்ப்பரிக்கின்றனர். பேரரசின் படையில் சேருங்கள் என்று அழைப்பதற்காக எழுதப்பட்ட அறிக்கை அது என்பதையும், அவர் கண்டித்தது ஆள்வோர்க்கு ஒரு நீதி, ஆளப்படுவோர்க்கு ஒரு நீதி என்ற இழிவை என்பதையும் எடுத்துக்கூற அவர்களுக்கு மனம் வருவதில்லை. மரத்தை விட்டுவிட்டு ஒரு கிளையை மட்டும் ஒடித்துச் செல்வது அவர்கள் வழக்கம் போலும்!

சரி, அவர்கள் வீட்டுக்குள்ளேயே சென்று பார்ப்போம். அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் 1791இல் நிறைவேறிற்று. கட்டுப்பாடான குடிப்படையைக் குறிப்பிட்டு, மக்கள் படைக்கலம் வைத்திருக்கும் உரிமைக்குப் பங்கம் நேரக்கூடாது என்கிறது அது. மக்கள்! இனிய சொல். ஆனால் எந்த மக்கள்? பருத்திக் காட்டில் முதுகு ஒடிய உழைத்த கறுப்பரும் அதில் அடக்கமா? 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி டேனி, கறுப்பரைக் குடிமக்களாக ஏற்க முடியாது என்பதற்குக் கூறிய காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? ஏற்றுக்கொண்டால் அவர்களும் விரும்பிய இடமெல்லாம் படைக்கலத்தோடு நடமாடுவார்களே என்பதுதான்! உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத் தளை அறுந்த மறு ஆண்டுக்குள், மிசிசிப்பி போன்ற தென் மாநிலங்கள் விடுதலை பெற்ற கறுப்பர் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்துச் சட்டம் செய்தன.

பழங்கதைதானே என்பீர்கள். 1967 மே மாதம் கலிபோர்னியச் சட்டமன்றக் கட்டடத்துள் கறுஞ்சிறுத்தைக் கட்சியினர் துப்பாக்கியோடு நுழைந்தனர். அந்த ஆண்டே, குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொதுவிடங்களில் ஏந்திச் செல்வதைத் தடுக்கும் சட்டம் அங்கே நிறைவேறிற்று. கையெழுத்திட்ட ஆளுநர் யார்? பிற்காலத்தில் பழமைவாதிகளின் பெருந்தலைவராகக் குடியரசுத் தலைவர் பதவியேறிய ரொனால்டு ரீகன்! துப்பாக்கி வெள்ளைக் கையில் இருந்தால் விடுதலை. கறுப்புக் கையில் இருந்தால் கலகம்.

நமக்கு இது புதிதன்று. வாள் ஒரு வருணத்துக்கு, ஏடு ஒரு வருணத்துக்கு, கலப்பை ஒரு வருணத்துக்கு, வெறுங்கையும் வளைந்த முதுகும் எஞ்சியோர்க்கு என்று வகுத்த நாட்டில் பிறந்தவர்களன்றோ நாம்! படைக்கலம் பிறப்புரிமையென எவரேனும் முழங்கும்போது, எந்தப் பிறப்புக்கு என்று கேட்பது நம் கடமை.

இனி நம் மாவட்டத்துப் பழமைவாதி ஒருவரைப் பார்ப்போம். 1878 டிசம்பரில், படைக்கலச் சட்டம் பிறந்த அதே ஆண்டில், அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்தார் இராசகோபாலாச்சாரியார். சேலத்தில் வழக்கறிஞர், சேலம் நகராட்சித் தலைவர், 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் கண்டவர். 1937இல் முதலமைச்சரானதும் மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். இந்தித் திணிப்பிலும், 1953இல் குலக்கல்வித் திட்டத்திலும் தமிழகமே அவரை எதிர்த்தது. ஆசிரியராகிய நாம் அந்தத் திட்டத்தை என்றும் மன்னிக்க மாட்டோம். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, தொழிலுக்கும் வணிகத்துக்கும் அரசு உரிமம் கேட்பதை வன்மையாகத் தாக்கினார்.

இத்தகைய பழமைவாதி போர்க்கருவி பற்றி என்ன கருதினார்? 1954இலேயே, அமெரிக்கா தானாக முன்வந்து அணுகுண்டைக் கைவிட வேண்டும் என்று நியூயார்க் டைம்ஸ் ஏட்டுக்கு எழுதினார். 1962 செப்டம்பர் இறுதியில், எண்பத்து மூன்று வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வாசிங்டன் சென்று கென்னடியைச் சந்தித்தார். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று மன்றாடினார். குறித்த நேரம் கடந்தும் கென்னடி கேட்டுக் கொண்டிருந்தார்.

அந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். அதே 1962 அக்டோபர் முதல் நாள், 1878ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, 1959இல் நிறைவேறிய புதிய இந்தியப் படைக்கலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அம்மாத நடுவில் கியூபா ஏவுகணை நெருக்கடி; உலகம் உயிரைக் கையில் பிடித்துக் கொண்டு நின்றது. 20ஆம் நாள் இமயத்தில் சீனப் படையெடுப்பு. 1963 ஆகத்தில், வானிலும் விண்வெளியிலும் நீரடியிலும் அணுச் சோதனை கூடாது என்ற உடன்பாடு மாஸ்கோவில் கையெழுத்தாயிற்று. அந்த உடன்பாட்டை அமெரிக்க மேலவையில் எதிர்த்து வாக்களித்தவர், அந்நாட்டுப் பழமைவாதத்தின் தலைமகன் பாரி கோல்டுவாட்டர்.

இரண்டு பழமைவாதிகள், இரண்டு வழிகள்! அரசை நம்பாதே என்றனர் இருவரும். நம்பத்தகாத அரசின் கையில் உலகையே அழிக்கும் குண்டு இருக்கலாகாது என்றார் சேலத்துக்காரர். இருக்கட்டும், மேலும் வலுவாக இருக்கட்டும் என்றார் அமெரிக்கர். ஒரு கைத்துப்பாக்கியைப் பதிவு செய்யும் அளவுக்குக்கூட நம்பத் தகாத அரசு, அணுகுண்டை வைத்துக் கொள்ளும் அளவுக்கு நம்பத் தக்கதாம்! என்னே இவர்கள் தருக்கம்! மாற்று முகாமில் நின்றவர் என்பதற்காக ஆச்சாரியாரின் இந்தப் பெருமையை மறைப்பது பகுத்தறிவாகாது.

அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட கென்னடி என்ன ஆனார்? 1963 நவம்பர் 22 அன்று டல்லாசு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது? சிகாகோ கடை ஒன்றுக்குப் பொய்ப் பெயரில் பணம் அனுப்பி, அஞ்சலில் தருவிக்கப்பட்டது. ஏறத்தாழ இருபது டாலர்! அணுகுண்டை அடக்கக் கையெழுத்திட்ட தலைவர், அஞ்சலில் வந்த துப்பாக்கிக்கு இரையானார். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும், சூனில் இராபர்ட் கென்னடியும் வீழ்ந்த பிறகே, அவ்வாறு அஞ்சலில் துப்பாக்கி விற்பதைத் தடுக்கும் சட்டம் அங்கே வந்தது.

பழமைவாதிகளின் மறுமொழியையும் நேர்மையோடு கேட்போம். காவலர் வரும்வரை கள்வன் காத்திருப்பானா என்கின்றனர். நியாயமான அச்சந்தான், கொல்லிமலை அடிவாரத்தில் தனிக்களத்து வீட்டில் முதியோர் தனித்திருக்கும் இரவுகளை நாமும் அறிவோம். ஆனால் அமெரிக்காவின் கணக்கைப் பாருங்கள். 2021இல் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக் கொண்டவர்கள். கள்வனுக்கென வாங்கிய குண்டு, கலங்கிய நெஞ்சையே தேடிச் சென்றிருக்கிறது.

சட்டம் நல்லவனைத்தானே கட்டும், கெட்டவன் கட்டுப்படுவானா என்கின்றனர். அப்படியானால் எந்தச் சட்டமுமே வேண்டாமே! கள்ளச்சாராயம் காய்ச்சுகிறான் என்பதற்காக, நஞ்சு விற்பனையைத் திறந்துவிடுவோமா?

கொல்வது மனிதன், துப்பாக்கியன்று என்கின்றனர். இதற்குத்தான் ஆசிரியர் என்ற முறையில் நாம் நின்று விடை கூற வேண்டும். 2023 ஆகத்தில் நாங்குநேரியில், நன்றாகப் படித்த ஒரு மாணவனை, உடன் படித்தவர்களே சாதி வெறியால் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். ஆம், அங்கே துப்பாக்கி இல்லை, வெறுப்பு இருந்தது. வெறுப்பு தனக்கான கருவியைத் தானே தேடிக்கொண்டது. அந்த அளவில் பழமைவாதி கூறுவது மெய்யே. ஆனால் அந்த அண்ணனும் தங்கையும் உயிர் பிழைத்தனர். அந்த வீட்டுக்குள் நுழைந்தவர் கையில் அரிவாளுக்குப் பதில் துப்பாக்கி இருந்திருந்தால்? எண்ணவே நெஞ்சு நடுங்குகிறது.

நம் வீட்டுப் பரணிலும் துருப்பிடித்த நாட்டுத் துப்பாக்கிக் குழல் ஒன்று கிடந்தது. பாட்டனார் காலத்துப் பெருமை அது. அதைச் சொல்லிச் சொல்லியே உறவினர் மார்தட்டுவர். அந்தக் குழல் ஊரைக் காத்ததாக ஒரு கதையும் இல்லை. சேரித் தெருவில் எவரும் செருப்பணிந்து நடக்காமல் காத்ததாகத்தான் கதை! அது யாருக்கு விடுதலை தந்தது? அந்தத் தெருவுக்குச் செருப்பையும் சட்டையையும் தந்தது பதில் துப்பாக்கியன்று. பள்ளிக்கூடம், வாக்குச்சீட்டு, சட்டம், தன்மான உணர்வு.

1878ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்தோர் செய்தது சரி. அது ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே வேலி போட்டது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏற்கும் நாமும் செய்வது சரி. அது அனைவருக்கும் பொது என்று எழுதப்பட்டது. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை, 2019இல் இரண்டு என்று குறைத்தனர். எழுதியபடி நடக்கிறதா, செல்வாக்குள்ளோருக்கு உரிமம் எளிதில் கிடைக்கிறதா என்று விழிப்போடு கேட்டுக் கொண்டிருப்பது மக்கள் கடமை. அந்தக் கேள்வியே நம் படைக்கலம்.

தம்பி! சங்ககிரிப் படியில் நீ கேட்ட கேள்விக்கு விடை இதுதான். வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்திருந்தால் வெள்ளையன் வென்றிருப்பானா என்று கேட்டாய். தெருவுக்குத் தெரு சுவர் எழுப்பிய ஊரில், அந்தத் துப்பாக்கிகள் முதலில் அடுத்த தெருவை நோக்கியே வெடித்திருக்கும். முதலில் அந்தச் சுவரை இடிப்போம், வா!