ஹெல்மெட்டுக்குள் ப்ளூடூத்: பாட்டு கேட்கலாமா? போன் பேசலாமா? சட்டம் சொல்வதும் சொல்லாததும்

பைக் ஓட்டிக்கொண்டே போன் பேச நம்ம ஊர் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. போனை ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் சொருகிவிடுவது. எந்த சிக்னலில் நின்று பார்த்தாலும் இப்படி ஒருவராவது கண்ணில் படுவார். இப்போது அந்த இடத்துக்கு ப்ளூடூத் ஹெட்செட் வந்துவிட்டது. ஹெல்மெட்டின் இடது ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி, உள்ளே இரண்டு ஸ்பீக்கர், வாய்க்கு அருகே ஒரு மைக். அவ்வளவுதான்.

டூர் போகும் ரைடர்கள் மட்டும் வாங்கிக்கொண்டிருந்த பொருள் இது. இன்றைக்கு உணவு டெலிவரி செய்பவர்கள், பைக் டாக்ஸி ஓட்டுபவர்கள், தினமும் 30 கிலோமீட்டர் ஆபீஸ் போய் வருபவர்கள் என எல்லோரும் வாங்குகிறார்கள். "கையில போன் இல்ல, போலீஸ் பிடிக்க மாட்டாங்க, சேஃப்டியும் ஆச்சு" என்பதுதான் பலரது கணக்கு. இந்தக் கணக்கில் எது சரி, எது தப்பு?

கேள்வி சின்னதாகத் தெரியலாம். 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள்.

சட்டப்படி தப்பா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு ஆபத்தான முறையில் வாகனம் ஓட்டுவதைப் பற்றியது. 2019-ல் வந்த திருத்தம், 'கையில் பிடித்துப் பயன்படுத்தும் தகவல் தொடர்புக் கருவி'யை அந்தப் பிரிவுக்குள் கொண்டுவந்தது. முதல் முறை சிக்கினால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி சிக்கினால் 10,000 ரூபாய் அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்த புதிய அபராதப் பட்டியலில், போன் பேசிக்கொண்டே ஓட்டினால் முதல் முறை 1,000 ரூபாய்.

2020 அக்டோபர் 1 முதல் இன்னொரு விதியும் நடைமுறையில் உள்ளது. ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில்.

இதையெல்லாம் படித்தால், 'கையில் பிடித்தால்தானே குற்றம், ஹெல்மெட்டுக்குள் இருந்தால் இல்லையே' என்று தோன்றும். 184-வது பிரிவின் வார்த்தைகளை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 21-வது விதியையும் பார்க்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்தை முடக்கக் காரணமாகும் செயல்களின் பட்டியல் அது. அதில் 'வாகனம் ஓட்டும்போது மொபைல் போன் பயன்படுத்துவது' என்றுதான் இருக்கிறது. கையில் பிடித்தா, காதில் மாட்டியா என்ற பிரிவினை அங்கே கிடையாது. ஆக, ஹெல்மெட்டில் ப்ளூடூத் பொருத்துவதற்கு நேரடித் தடை இல்லை. அதில் கால் பேசுவது முழுக்க அனுமதிக்கப்பட்டது என்றும் சொல்லிவிட முடியாது. சாலையில் நிறுத்தும் போலீஸ்காரரிடம் 184-வது பிரிவை விளக்கி ஜெயிப்பது தனித் திறமை.

மற்ற நாடுகள் இந்தக் குழப்பத்தை வேறு வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. பிரான்ஸில் 2015 ஜூலை முதல் வாகனம் ஓட்டும்போது காதில் இயர்போன் மாட்டினாலே 135 யூரோ அபராதம், உரிமத்தில் 3 புள்ளிகள் குறையும். ஆனால் ஹெல்மெட்டோடு இணைந்த கருவிக்கு விலக்கு உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இரண்டு காதையும் அடைக்கக் கூடாது, ஒரு காது திறந்திருக்க வேண்டும்.

கைக்கு ஓய்வு, மூளைக்கு?

போன் பேசிக்கொண்டே ஓட்டுவதில் ஆபத்து கையில்தான் இருக்கிறது என்று நினைத்துத்தான் உலகம் முழுக்க சட்டங்கள் எழுதப்பட்டன. அமெரிக்காவின் உட்டா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் டேவிட் ஸ்ட்ரேயரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2001-ல் வெளியான அவர்களது ஆய்வில், போனில் பேசியவர்கள் சிக்னலைத் தவறவிடும் வாய்ப்பு இரண்டு மடங்கானது. பார்த்தவர்களும் தாமதமாகவே பிரேக்கை மிதித்தார்கள். போனைக் கையில் பிடித்திருந்தவர்களுக்கும் ஹேண்ட்ஸ் ஃப்ரீயில் பேசியவர்களுக்கும் இதில் வித்தியாசமே இல்லை!

காரணம் கண்ணில் இல்லை, கவனத்தில். பேச்சில் மூழ்கியிருப்பவர் சாலையைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். எதிரே இருக்கும் பள்ளம் கண்ணில் விழும், மனசில் பதியாது. 'பார்த்தேன், ஆனா கவனிக்கல' என்று விபத்துக்குப் பிறகு பலர் சொல்வது பொய் இல்லை.

"அப்போ பின்னாடி உட்கார்ந்திருக்கிறவர்கிட்ட பேசினாலும் அதேதானே?" என்று கேட்கலாம். அதையும் இதே பல்கலைக்கழகக் குழு 2008-ல் கார் சிமுலேட்டரில் ஆராய்ந்தது. கூட வருபவர் சாலையைப் பார்க்கிறார். டிராஃபிக் நெருக்கமானால் அவர் பேச்சும் தானாகக் குறைகிறது, சில நேரம் 'அங்க பாரு' என்று எச்சரிக்கவும் செய்கிறார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு நீங்கள் கத்திப்பாரா மேம்பாலத்தில் லாரிக்குப் பக்கத்தில் இருப்பது தெரியாது. அவர் பாட்டுக்கு வீட்டு வாடகை பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

போனை வைத்துவிட்டால் உடனே சரியாகிவிடுமா? 2015-ல் அமெரிக்காவின் ஏஏஏ அறக்கட்டளைக்காக ஸ்ட்ரேயர் குழு செய்த ஆய்வில், காரில் குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனச் சிதறல் 27 நொடிகள் வரை நீடிப்பது தெரியவந்தது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 27 நொடி என்பது 300 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு பஸ் ஸ்டாப்பிலிருந்து அடுத்த பஸ் ஸ்டாப்!

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் காரை வைத்து நடந்தவை. காரில் கவனம் சிதறினால் பம்பர் நசுங்குவதோடு தப்பிக்க வாய்ப்புண்டு. பைக்கில் பேலன்ஸும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், மணலும் குழியும் நமக்குத்தான்.

டெலிவரி வேலையில் இருப்பவர்களிடம் 'கால் எடுக்காதீங்க' என்று சொல்வது சுலபம். கஸ்டமர் கூப்பிட்டு 'எந்த கேட்டுக்கு வரீங்க' என்று கேட்பதும் அந்த வேலையின் ஒரு பகுதிதான். எடுக்காவிட்டால் ரேட்டிங் பயம். இவர்களுக்கு ஹெட்செட் செய்யும் பெரிய உதவி, யார் கூப்பிடுகிறார்கள் என்று பாக்கெட்டில் கை விடாமலே தெரிந்துவிடுவது. இடது ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசிவிட்டுக் கிளம்பலாம்.

ஒரு விஷயத்தில் உஷார். சில மாடல்களில், கால் வரும்போது சத்தமாக எதையாவது சொன்னாலே அழைப்பு எடுக்கப்பட்டுவிடும். குறுக்கே வந்த ஆட்டோவைப் பார்த்து நீங்கள் கத்தியது மேனேஜருக்கு நேரலையாகக் கேட்கும். அந்த வசதியையும், தானாகவே காலை எடுக்கும் வசதியையும் செட்டிங்ஸில் அணைத்துவைப்பது நல்லது.

பாட்டு மட்டும் கேட்டால்?

பாட்டு கேட்பதில் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் போன் பேச்சு அளவுக்கு அது மூளையை இழுப்பதில்லை. இங்கே பிரச்சினை சத்தம்தான்.

60 கிலோமீட்டர் வேகத்திலேயே ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் சுமார் 90 டெசிபலைத் தொடும். 100 கிலோமீட்டரை நெருங்கினால் 100 டெசிபல் பக்கம் போய்விடும். ஹெல்மெட்டைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்குப்படி, 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம். இந்த இரைச்சலைத் தாண்டிப் பாட்டு கேட்க வால்யூமை ஏற்றினால் காது என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். திண்டிவனம் தாண்டுவதற்குள் அன்றைய கோட்டா முடிந்துவிடும்.

இன்னொன்று, நம்ம ஊர் டிராஃபிக்கே ஹாரனில்தான் ஓடுகிறது. பின்னால் வரும் பஸ் இருக்கிறது என்பதைக் கண்ணாடியைவிடக் காதுதான் முதலில் சொல்லும். வண்டி நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் வால்யூம் அதிகம்.

சாதாரண இயர்பட்ஸை மாட்டி, மேலே ஹெல்மெட் போடுவதைத் தவிர்ப்பதே நல்லது. அவை காதுத் துவாரத்தையே அடைக்கின்றன, நாய்ஸ் கேன்சலிங் இருந்தால் ஹாரனும் மங்கிவிடும். ஹெல்மெட்டைக் கழற்றும்போது எங்காவது தெறித்து விழுவது கூடுதல் செலவு. ஹெல்மெட் ஸ்பீக்கர் காதுக்கு வெளியே சற்றுத் தள்ளி இருப்பதால் வெளிச் சத்தத்துக்கும் இடம் கிடைக்கிறது.

பாட்டு துல்லியம், கால் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது ஏன்?

ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, அழைப்புக்கு வேறு வழி. பாட்டுக்கான வழியில் ஒலி ஒரு திசையில் மட்டும் வருகிறது, அதனால் தரமான ஸ்டீரியோ. கால் வந்ததும் கருவி இன்னொரு முறைக்கு மாறுகிறது. அதில் ஒலி போகவும் வேண்டும், வரவும் வேண்டும். எனவே தரம் குறைந்து மோனோவாகிவிடும். கருவியில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம்.

ஸ்பீக்கர் சத்தம் குறைவாக இருந்தால், வால்யூமுக்கு முன் இடத்தைப் பாருங்கள். ஸ்பீக்கரின் நடுப்பகுதி காதுத் துவாரத்துக்கு நேராக இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருந்தாலே பேஸ் காணாமல் போய்விடும்.

ஹெல்மெட்டைக் குடையாதீர்கள்

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படாத ஆபத்து இதுதான். ஸ்பீக்கர் சுமார் 40 மில்லிமீட்டர் அகலம், ஒரு சென்டிமீட்டர் வரை தடிமன். காதுக்குப் பள்ளம் இல்லாத ஹெல்மெட்டில் அதை ஒட்டினால் அரை மணி நேரத்தில் காது வலிக்கும். உடனே பலர் செய்வது, பிளேடு எடுத்து உள்ளே இருக்கும் தெர்மாகோலைக் குடைவது. சில கடைகளிலேயே இதைச் செய்து தருகிறார்கள்.

அந்த தெர்மாகோல் போன்ற நுரைதான் ஹெல்மெட்டின் உயிர். விழும்போது அடியின் வேகத்தை, தான் நசுங்கி உள்வாங்குவது அதுதான். வெளி ஓடு இரண்டாம் பட்சம். குடைந்த இடத்தில் அடி பட்டால் தலைக்கும் சாலைக்கும் நடுவில் ஓடும் ஒரு பிளாஸ்டிக் ஸ்பீக்கரும் மட்டுமே இருக்கும். ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 4151 தரத்தில் சோதிக்கப்பட்ட ஹெல்மெட்டுக்குத்தான் பொருந்தும். நீங்கள் ஓட்டை போட்ட பிறகு அது வேறு ஹெல்மெட். ஐரோப்பாவின் புதிய தரமான இசிஇ 22.06, இதுபோன்ற துணைக் கருவிகளையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

கன்னப் பக்கத் துணி பேடைக் கழற்றினால் பல ஹெல்மெட்டுகளில் காதுக்கான பள்ளம் ஏற்கெனவே இருக்கும். அதில் உட்காரும் ஸ்பீக்கரை வாங்கலாம். பள்ளம் இல்லையென்றால் மெல்லிய ஸ்பீக்கர், அல்லது ப்ளூடூத் வைத்தே வரும் ஹெல்மெட். ஸ்டீல்பேர்ட் போன்ற இந்திய நிறுவனங்களே அதைத் தயாரிக்கின்றன. கருவியை ஓட்டில் திருகி மாட்டக் கூடாது. கிளிப் அல்லது ஒட்டும் பேட் போதும்.

இன்டர்காம் யாருக்கு?

பாட்டு, கால் இரண்டையும்விட இந்தக் கருவி உண்மையிலேயே பாதுகாப்பைக் கூட்டும் இடம் இன்டர்காம் என்று சொல்லலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நான்கு பைக் போகிறது என்றால், முன்னால் போகிறவர் 'லாரி இறங்குது, ஓரமா வாங்க' என்று சொல்வது பின்னால் வருபவரின் உயிரைக் காப்பாற்றும். சாதாரண ப்ளூடூத் இன்டர்காம் சங்கிலி மாதிரி. நடுவில் ஒருவர் விலகினால் தொடர்பு அறுந்துவிடும். மெஷ் வகையில் மற்றவர்கள் தானாக வேறு வழியில் இணைந்துகொள்வார்கள். கார்டோ, சீனா போன்ற நிறுவனங்களின் மெஷ் கருவிகள் விலை அதிகம். (இந்த 'சீனா' நாடு இல்லை, கம்பெனி பெயர்.) பெங்களூருவின் ப்ளூஆர்மர் நிறுவனமும் இந்தச் சந்தையில் இருக்கிறது. தினசரி ஆபீஸ் பயணத்துக்கு மெஷ் தேவையே இல்லை.

வாங்கும்போது 'வாட்டர்ப்ரூஃப்' என்ற வார்த்தையை நம்பாமல் ஐபி எண்ணைக் கேளுங்கள். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். நவம்பர் மழையில் அந்த எண்தான் பேசும். கிளவுஸ் போட்ட கையால் பட்டனை அழுத்த முடிகிறதா என்று கடையிலேயே சோதித்துவிடுங்கள். உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால், மே மாத வெயிலில் ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போகாமல் கருவியைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

வழி காட்டத்தான் முக்கியமாக வாங்குகிறீர்கள் என்றால், கூகுள் மேப்ஸில் பைக் ஐகானைத் தேர்ந்தெடுங்கள். 2017 டிசம்பரில் இந்த வசதி முதலில் அறிமுகமானதே இந்தியாவில்தான். நேவிகேஷன் செட்டிங்ஸில் குரலைத் தமிழுக்கு மாற்றி, ப்ளூடூத் வழியாக ஒலிக்கும் ஆப்ஷனை ஆன் செய்துவிட்டால் திருப்பத்துக்கு முன்பே காதில் சொல்லிவிடும். இதையெல்லாம் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.