பேட்டரி மேல இருக்கிற நம்பர் எந்த ஊரு நம்பர்?

இந்த எபிசோட்ல ஒரு சின்ன ஸ்டிக்கரோட வரலாறு. கார் பேட்டரி மேல ஒட்டியிருக்குமே, அந்த ஸ்டிக்கர்தான்.

இதைப் பேச நான் எடுத்துக்கிட்ட ஏரியா ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர். ரெண்டு ஊருக்கும் நடுவுல பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். மேற்கே மலை, அடிவாரத்துல தென்னந்தோப்பு, மாந்தோப்பு, கிணத்து மோட்டார். ஊருக்குள்ள பஞ்சாலைகள். இங்க கரண்ட்டைப் பத்திப் பேசுற அளவு ஆளுக்கு ஒண்ணு. தோப்பு வச்சிருக்கிறவர் "அஞ்சு எச்.பி. மோட்டார்" என்பார். வீட்டுல "இந்தத் தடவை ஐந்நூறு யூனிட் ஓடிருச்சு" என்பாங்க. பேட்டரிக் கடையில "முப்பத்தஞ்சு ஏஎச் போதுமா?" என்று கேட்பாங்க. எல்லாமே கரண்ட்டைப் பத்தின பேச்சுதான். ஆனா ஒவ்வொரு அளவும் வேற காலத்துல, வேற தேவைக்குப் பிறந்தது.

முதல்ல எச்.பி. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துல ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சின் வித்தார். வாங்க வந்தவங்க அதுவரைக்கும் குதிரையை வச்சு வேலை பார்த்தவங்க. "இந்த எஞ்சின் எத்தனை குதிரைக்குச் சமம்?" என்பதுதான் அவங்களுக்குப் புரியும். அப்படி வந்த கணக்கு இன்னைக்கும் நம்ம கிணத்துமேட்டுல ஓடுது. ஒரு எச்.பி. என்றால் 746 வாட்.

1881-ல் பாரிஸ்ல நடந்த சர்வதேச மின்சார மாநாட்டுலதான் வோல்ட், ஆம்பியர், ஓம் என்ற பெயர்களை எல்லா நாட்டுக்கும் பொதுவா ஏத்துக்கிட்டாங்க. வாட் என்ற அலகுக்கு அடுத்த வருஷம் பெயர் முன்மொழியப்பட்டது.

மொட்டைமாடி டேங்க்கை நினைச்சுக்கோங்க. டேங்க் எவ்வளவு உயரத்துல இருக்கோ, குழாயில அவ்வளவு அழுத்தம். அது வோல்ட். குழாயில ஒரு நொடிக்கு எவ்வளவு தண்ணி ஓடுதோ அது ஆம்பியர். ரெண்டையும் பெருக்கினா வாட். டேங்க்ல மொத்தம் எவ்வளவு தண்ணி இருக்கு என்பதுதான் ஆம்பியர்-ஹவர், அதாவது ஏஎச். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட்.

தமிழ்நாட்டுக்கு இந்த அளவுகள் பெரிய அளவுல வந்தது நீர்மின்சாரத்தோட. பைகாரா 1932, மேட்டூர் 1937, தாமிரபரணியில பாபநாசம் 1944. ராஜபாளையத்துல பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் மில் ஆரம்பிச்சதும் இதே காலகட்டம்தான். கம்பியில வர்ற கரண்ட்டுக்கு எச்.பி.யும் யூனிட்டும் போதும். சேமிச்சு வைக்கிற கரண்ட்டுக்குத்தான் வேற கணக்கு தேவைப்பட்டது.

பிரான்ஸ்ல பிளான்டே ஈயத் தகடும் அமிலமும் வச்சு, திரும்பத் திரும்ப சார்ஜ் பண்ற பேட்டரியைச் செஞ்சது 1859-ல். ஆனா கார்கள் வந்த பிறகும், முன்னாடி ஹேண்டிலைப் போட்டுச் சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணாங்க. எஞ்சின் திருப்பி உதைச்சா கை ஒடியும். 1912 மாடல் கேடிலாக் கார்லதான் சார்லஸ் கெட்டரிங்கோட மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. பேட்டரியோட வேலையே அங்க மாறுச்சு. ரொம்ப நேரம் கொஞ்சமா கொடுக்கிறது இல்ல, ரெண்டு நொடியில நிறையக் கொடுக்கிறது.

கணக்கு போட்டுப் பாருங்க. சின்ன பெட்ரோல் கார்ல பெரும்பாலும் 12 வோல்ட், 35 ஏஎச். பெருக்கினா 420 வாட்-ஹவர். அரை யூனிட் கூட இல்ல! ஆனா சாவியைத் திருப்புறப்ப 150 ஆம்பியர் இழுத்தா, அந்த ரெண்டு நொடிக்கு அது கிட்டத்தட்ட ரெண்டு எச்.பி. மோட்டார்.

அந்த உதையை அளக்க வந்ததுதான் சிசிஏ, அதாவது கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ். அமெரிக்காவோட பனிக்காலத்தை மனசுல வச்சுப் போட்ட சோதனை. பேட்டரியை மைனஸ் 18 டிகிரிக்குக் குளிர வச்சு, 30 நொடிக்கு எவ்வளவு ஆம்பியர் கொடுத்தும் 7.2 வோல்ட்டுக்குக் கீழ இறங்காம இருக்கு என்று பார்ப்பாங்க. மைனஸ் பதினெட்டு! ஸ்ரீவில்லிபுத்தூர் மார்கழி அதுக்குப் பக்கத்துல கூடப் போனதில்ல.

அடுத்து ஜப்பான். 1983-ல் மாருதி 800 வந்த பிறகு சுசுகி வழியா ஜப்பான் கார்கள் நம்ம ரோட்டை நிறைச்சது. அதனால ஜப்பான் குறியீடும் நமக்குப் பழகிப்போச்சு. உதாரணம், 38பி20எல். இதுல 38 என்பது ஏஎச் இல்ல. திறனுக்குக் கொடுத்த ஒரு ரேங்க். 'பி' பெட்டியோட அகல-உயர வகை, 20 என்பது நீளம் சென்டிமீட்டர்ல, 'எல்' டெர்மினல் எந்தப் பக்கம் என்பது. இந்த மாதிரிப் பேட்டரி பெரும்பாலும் 35 ஏஎச்தான். "38 போட்டிருக்கே" என்று அதை ஏஎச்சா நினைச்சுக் காசு கொடுக்காதீங்க.

ஏஎச்சுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. 20 மணி நேரத்துல மெதுவா இறக்கினாத்தான் அந்த 35 கிடைக்கும். அதாவது 1.75 ஆம்பியர் வீதம். வேகமா இழுத்தா மொத்தமே குறையும். ஜெர்மனியில பியூகெர்ட் 1897-லேயே இதை எழுதி வச்சுட்டார்.

இது எங்க நம்ம பர்ஸைத் தொட்டதுன்னா, 2012 மின்வெட்டுல. சென்னைக்கு வெளியில பல மாவட்டங்கள்ல ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் இல்ல. எல்லாரும் இன்வெர்ட்டர் தேடினாங்க. ரெண்டு ஃபேன், ரெண்டு டியூப்லைட் சேர்ந்து 230 வாட் என்று வைங்க. 150 ஏஎச் பேட்டரியில இருக்கிறது 1.8 யூனிட். காகிதக் கணக்குல எட்டு மணி நேரம் வரணும். இன்வெர்ட்டர்ல வீணாகிறது, பேட்டரியை முழுசா வடிக்கக் கூடாது என்பது, இதெல்லாம் போக நாலஞ்சு மணி நேரம்தான். அதுல கார் பேட்டரியை மாட்டினா இன்னும் மோசம். உதைக்கிறதுக்காக மெல்லிசாச் செஞ்ச தகடுகள், தினமும் வடிச்சா சீக்கிரமே போயிடும். தடிச்ச டியூபுலர் பேட்டரி அதுக்காகத்தான் இருக்கு.

நம்ம ஊரோட உண்மையான எதிரி வெயில். சூடு பத்து டிகிரி ஏறினா பேட்டரி ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. அந்தச் சூட்டைச் சொல்ற பெரிய நம்பர் எதுவும் ஸ்டிக்கர்ல இல்ல.

இத்தனைக்கும் இந்த வெயில்லயே பேட்டரியைப் பத்தி ஆராய்ச்சி பண்ண ஒரு இடம் இருக்கு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் சமயத்துல திறந்தாங்க. ஈயப் பேட்டரியில இருந்து லித்தியம் வரைக்கும் அங்க வேலை நடக்குது.

அதனால கடைக்குப் போனா மூணே கேள்வி. ஏஎச் எவ்வளவு, எத்தனை மணி நேரக் கணக்குல? தயாரிச்ச மாசம் என்ன? இது உதைக்கிற பேட்டரியா, உழைக்கிற பேட்டரியா? சிசிஏ-வைக் கடைசியாப் பாருங்க. கொடைக்கானல்ல வீடு இருந்தா மட்டும் கொஞ்சம் முன்னாடியே பாருங்க!