செம்பும் செம்பாடும்

நல்லூரிலிருந்து கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் போனால் தோட்ட நிலம் செக்கச்செவேல் என்றிருக்கும். செம்பாட்டு மண் என்போம். மழைக்குப் பிறகு காலில் ஒட்டினால் இலேசில் போகாது. அந்தச் சிவப்பு இரும்பின் துருவால் வந்தது. அதற்கும் செம்புக்கும் தொடர்பில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பதோ சுண்ணாம்புக்கல். நல்லூர் அரசர்கள் நந்தி பொறித்து அடித்த சேது நாணயங்களுக்கான செம்பு வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஆனாலும் செம்பாடும் செம்பும் உடன்பிறந்த சொற்கள். இரண்டும் 'செம்' என்ற வேரில் கிளைத்தவை. 'வெள்' தந்தது வெள்ளி. இரும்புக்குக் கரும்பொன் என்றொரு பழம்பெயர் உண்டு. நம்மவர்கள் உலோகங்களை நிறம் பார்த்தே பெயரிட்டார்கள். இப்படிச் சொற்களை வேர்வழியே குடும்பங்களாகச் சேர்த்துப் பார்க்கும் பெருமுயற்சியை, சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியாக, 1938 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். யாழ்ப்பாண அரசர்களின் நாணயங்களைப் பற்றியும் எழுதியவர் அவர்.

செம்பைக் குறிக்கும் வடமொழித் தாம்ரம் பாலியில் தம்ப என்றாயிற்று. அசோகனின் பாறைக் கல்வெட்டுகளில் வரும் தம்பபண்ணி என்ற இலங்கையின் பழம்பெயர், கிரேக்கர் வாயில் தப்ரொபேன் ஆனது. அக்கரையில் அதே பெயரோடு தாமிரபரணி ஆறு ஓடுகிறது. தம்பபண்ணி என்ற பெயருக்குப் பாலி வரலாற்று நூலான மகாவம்சம் சொல்லும் காரணம் எளியது: இத்தீவில் களைத்து இறங்கிய இளவரசன் விஜயனின் ஆட்கள் தரையில் கையூன்ற, மண் பட்டு உள்ளங்கை சிவந்ததாம். கதைதான். ஆனால் அதுவும் மண்ணின் நிறத்தையே சொல்கிறது. செம்புச் சுரங்கத்தைச் சொல்லவில்லை.

உலோகம் கிடைத்ததை அதே நூல் வேறோர் இடத்தில் சொல்கிறது. மன்னன் துட்டகைமுனு மகாதூபம் கட்டியபோது தம்பபிட்ட என்னுமிடத்தில் செம்பும், அம்பட்டகோலக் குகையில் வெள்ளியும் வெளிப்பட்டனவாம். அந்தக் குகை குருநாகல் பக்கத்து ரிதி விகாரை என்பர். சிங்களத்தில் ரிதி என்றால் வெள்ளி.

நம் காலத்தில் செம்புத் தாது திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலவில் அகப்பட்டது. புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தார் அதை 1971இல் கண்டறிந்தனர். அங்கே செம்புத் தாது மக்னடைட் என்ற காந்த இரும்புத்தாதுவோடு கலந்து கிடக்கிறது. இத்தகைய தாது மண்ணுக்குள் மறைந்திருந்தாலும் காந்த அளவைக் கருவி காட்டிக்கொடுக்கும். பிறகு மண்ணை வரிசையாக எடுத்துச் சோதிப்பார்கள். கடைசியில் துளையிட்டு, உருளை உருளையாகக் கல்லை வெளியே எடுத்துப் பார்ப்பார்கள்.

தேடுகிறவர் கண்ணுக்கு முதலில் படுவது சிவப்பன்று. பாறை வெடிப்பில் படிந்த பச்சைக் கறைதான் அவருக்குத் தடயம். செம்பிற் களிம்பு என்று சைவ சித்தாந்தம் உவமை சொல்லும் பச்சைதான் அதுவும். கல்லை உடைத்தால் உள்ளே கால்கோபைரைட் என்ற செம்புத் தாது பித்தளை போல் மஞ்சளாக மின்னும். தனிச்செம்பாகவே கிடைக்கும் அரிய இடங்களை விட்டால், உருக்கி எடுத்த பிறகுதான் சிவப்பு தெரியும். ஆகவே செம்பு என்ற பெயர் உலோகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவன் இட்ட பெயர். தாதுவைத் தேடிப் போனவன் இட்டதன்று.

தம்பபண்ணி என்ற பெயர் ஒன்றையே சான்றாக வைத்து, ஆதியில் இத்தீவு செம்புக்குப் பேர்போனது என்று எழுதுவோர் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பெயர் அவ்வளவு சுமையைத் தாங்காது. செம்புக்குச் சான்று வேண்டுமானால் சேருவிலப் பாறையைக் காட்டுங்கள்.